சத்தமாகப் படிக்கப்பட்ட பெயர்கள்

நான் முதன்முதலில் அரசாங்கக் காகிதத்தில் கைநாட்டு வைத்தது ஏழு வயதில். 1995ஆம் ஆண்டு. அப்பா அப்போது எங்கள் ஊரில் பஞ்சாயத்து கிளார்க். இரவு சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து, நீளமான தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பெயர்களை எழுதுவார். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வேலைக்கு வந்த நாட்கள், கூலி, கடைசிக் கட்டத்தில் கையெழுத்து அல்லது ரேகை. பக்கத்திலேயே நீல மை ஊறிய ஸ்டாம்ப் பேடு இருக்கும். சில வரிகளுக்கு அவரே விரல்களை மாற்றி மாற்றி வைப்பார். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்த என்னைப் பார்த்து, "கையக் குடு" என்றார். கொடுத்தேன். என் கட்டைவிரலைப் பேடில் அழுத்தி, ஒரு கட்டத்தில் வைத்து எடுத்தார். எனக்கு ஒரே குஷி. இன்னொன்று வைக்கவா என்று கேட்டேன். வைக்கச் சொன்னார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "பிள்ளை கை எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நீல விரலை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்தத் தாளின் பெயர் மஸ்டர் ரோல். கண்மாய் மராமத்துக்கு வந்த கூலியாட்களின் வருகைப் பதிவு. நான் ரேகை வைத்த வரிகளில் இருந்த ஆட்கள் யாரும் அந்தக் கண்மாயில் ஒரு கூடை மண் அள்ளியதில்லை. இது எனக்குப் புரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆயின. அதற்குள் நான் பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டேன்.

இந்தக் கட்டுரை அப்பாவைப் பற்றியது மட்டுமில்லை. ஆனால் ஊழலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு மந்திரிகளும் ஆயிரம் கோடிகளும் ஞாபகத்துக்கு வருவதில்லை, அந்த ஸ்டாம்ப் பேடுதான் வருகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

*

பொதுப்பணியில் பணம் எப்படிக் காணாமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு காகிதங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று மஸ்டர் ரோல்: யார் யார், எத்தனை நாள் வேலை செய்தார்கள். இரண்டாவது, எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகம்: எவ்வளவு நீளம், அகலம், ஆழம் வேலை நடந்தது என்று இன்ஜினியர் அளந்து எழுதுவது. முதலாவதில் இல்லாத ஆளைச் சேர்க்கலாம். இரண்டாவதில் இல்லாத மண்ணைச் சேர்க்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பில் பாஸாகிவிடும். காகிதத்துக்குக் காகிதம் சரியாக இருக்கிறதா என்று மேலே பார்ப்பார்கள். காகிதத்துக்கும் கண்மாய்க்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க மேலே இருப்பவரால் முடியாது. பார்க்கக்கூடியவர்கள் அந்தக் கண்மாய்க் கரையில் குடியிருப்பவர்கள். அவர்கள் கண்ணில் அந்தக் காகிதம் படவே படாது.

மென்பொருள் ஆளாக இதை எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொள்வேன். எழுதும் அனுமதி அப்பாவிடம் இருந்தது. ஒப்புதல் கொடுக்கும் அனுமதி மேலே இருந்தது. எந்த நாற்பது பேரின் பெயர் அதில் இருந்ததோ, அவர்களில் ஒருவருக்குக்கூடப் படிக்கும் அனுமதி இல்லை.

இந்தப் படிக்கும் அனுமதிக்காக ராஜஸ்தானில் நடந்த ஒரு போராட்டத்தின் வரலாற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். நான் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நடந்தது அது.

*

ராஜஸ்தானின் நடுப்பகுதி, அடிக்கடி மழை பொய்க்கும் பூமி. பஞ்சம் வரும்போது அரசு நிவாரண வேலைகளைத் திறக்கும். சாலை போடுவது, குளம் வெட்டுவது, தடுப்பணை கட்டுவது. ஆனால் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. 1983இல் உச்ச நீதிமன்றம் சஞ்சித் ராய் வழக்கில், பஞ்ச நிவாரண வேலையாக இருந்தாலும் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பது கட்டாய உழைப்புக்குச் சமம், அரசமைப்பின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது. கூலி வரவில்லை.

1987இல் ராஜஸ்தானின் தேவ்டுங்ரி என்ற சிற்றூரில் ஒரு மண் வீட்டில் மூன்று பேர் வந்து குடியேறினார்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங். அருணா ராய் 1946இல் சென்னையில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளில் ராஜினாமா செய்தவர். சங்கர் சிங் அந்தப் பகுதிக்காரர். பொம்மலாட்டமும் பாட்டும் நையாண்டியுமாகக் கூட்டத்தைக் கட்டிப்போடக்கூடியவர். 1990 மே 1ஆம் தேதி, சுற்றியிருந்த கூலியாட்களும் சிறு விவசாயிகளும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

முதல் கோரிக்கை கூலிதான். முழு நாள் வேலை செய்தோம், முழுக் கூலி கொடு. அதிகாரிகள் சொன்ன பதில்: "நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு. எம்-புக்கில் அப்படித்தான் இருக்கிறது." சரி, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அது அரசு ஆவணம், காட்ட முடியாது என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 1923இல் கொண்டுவந்த அலுவல் ரகசியச் சட்டத்தின் நிழல் அப்போதும் எல்லா அலுவலகங்களின் மேலும் படிந்திருந்தது. ஒரு கிராமத்துக் கால்வாயில் எத்தனை கன அடி மண் வெட்டப்பட்டது என்பது ராணுவ ரகசியம் மாதிரி.

கூலிக்காகத் தொடங்கிய சண்டை, காகிதத்துக்கான சண்டையாக மாறியது இந்த இடத்தில்தான். அரசின் வார்த்தைக்கும் தங்கள் வார்த்தைக்கும் நடுவே அந்தக் காகிதம் கிடக்கிறது, அது கைக்கு வராமல் கூலி வராது என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கண்டுபிடித்தார்கள். சுதந்திர இந்தியாவின் நிர்வாக வரலாற்றில் இது சின்ன விஷயம் இல்லை.

*

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். அங்கே முதல் ஜன் சுன்வாயி நடந்தது. மக்கள் விசாரணை என்று சொல்லலாம். அப்போது தகவல் கேட்க எந்தச் சட்டமும் இல்லை. முறைசாரா வழியில் கிடைத்த சில ஆவணங்களைக் கையால் நகலெடுத்துக்கொண்டு, ஊர் ஊராகப் போய், பெயர் இருந்தவர்களிடம் சரிபார்த்திருந்தார்கள்.

விசாரணை நடந்த முறை மிக எளிமையானது. திறந்தவெளியில் ஊர் கூடியது. மஸ்டர் ரோலில் இருந்த பெயர்களை ஒருவர் சத்தமாகப் படித்தார். இன்னார், இன்னாருடைய மகன், இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார். அவ்வளவுதான். பெயருக்குரியவர் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை என்றார். இன்னொரு பெயர் படிக்கப்பட்டபோது, அவர் பிழைப்புக்காக வெளியூர் போய் எத்தனையோ காலமாகிறது என்றது கூட்டம். இன்னொருவர் செத்தே போயிருந்தார். முடிந்துவிட்டதாகப் பணம் எடுக்கப்பட்டிருந்த கட்டடம் அரைகுறையாக நின்றது. அதற்குத் தணிக்கை அறிக்கை தேவைப்படவில்லை, திரும்பிப் பார்த்தால் போதும்.

கோட் கிரானாவைத் தொடர்ந்து அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய இடங்களிலும் விசாரணைகள் நடந்தன. அவற்றைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். ஒரு பெயர் மேலே போகும்போது வெறும் எழுத்து. மாவட்டத் தலைநகரில் அந்தப் பெயருக்கு முகம் கிடையாது. செத்தவர் பெயரும் உயிரோடிருப்பவர் பெயரும் தாளில் ஒரே மாதிரிதான் இருக்கும். அதே பெயரை ஊருக்குள் கொண்டுவந்து படித்தால் அதற்கு முகம் வந்துவிடும். பொண்டாட்டி வந்துவிடுவாள். எந்த வருஷம் செத்தார் என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். எந்தக் கணினிக்கும் தெரியாதது அந்தக் கூட்டத்துக்குத் தெரியும்.

கிராம சேவகர்கள், அதாவது கணக்கு எழுதியவர்கள், எதிர்த்துக் கிளம்பினார்கள். நாங்கள் அரசுத் தணிக்கைக்குத்தான் கணக்குக் காட்டுவோம், மக்களுக்குக் காட்ட வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா முகம்தான் வந்தது. அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்.

*

1995 ஏப்ரலில் ராஜஸ்தான் முதல்வர் பைரோன் சிங் செகாவத் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். உள்ளாட்சி வேலைகளின் ஆவண நகல்களை மக்கள் பெறலாம் என்று. ஓராண்டு ஆகியும் அது அறிவிப்பாகவே கிடந்தது. 1996 ஏப்ரல் 6ஆம் தேதி பியாவர் நகரத்தின் சாங் கேட் பகுதியில் கிராமத்து மக்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். நாற்பது நாட்கள். சந்தை நடக்கும் நகரம் அது. காய்கறிக்காரர்கள் காய் கொடுத்தார்கள். ஊர்களிலிருந்து கோதுமை வந்தது. பத்திரிகையாளர்கள் நிகில் சக்ரவர்த்தி, குல்தீப் நய்யார், பிரபாஷ் ஜோஷி போன்றவர்கள் ஆதரவுக்கு வந்தார்கள். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற பொருள் வரும் முழக்கம் அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. அந்த அமைப்பில் இருந்த, நான்காம் வகுப்பு வரை மட்டும் படித்த ஒரு பெண் செய்தியாளர்களிடம் கேட்ட கேள்வியை இன்றும் பலர் நினைவுகூர்கிறார்கள். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்கிறேன், என் பேரில் கோடிகளைச் செலவழிக்கும் அரசிடம் கேட்கக்கூடாதா என்பது அதன் சாரம்.

தர்ணா தொடங்கிய சமயத்தில் அரசு ஓர் ஆணை போட்டது. ஆவணங்களைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம், ஆனால் ஜெராக்ஸ் கிடையாது. இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். கையால் எழுதிய குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினால், 'இது நீ எழுதினது' என்று சொல்லிவிடலாம். ஜெராக்ஸ் காப்பியில் சீலும் கையெழுத்தும் இருக்கும். ஒரு ரூபாய் ஜெராக்ஸுக்குள் ஒரு மாநில அரசின் மொத்தத் தயக்கமும் அடங்கியிருந்தது.

1997இல் ஜெய்ப்பூரில் இரண்டாவது தர்ணா. இம்முறை 53 நாட்கள். அது நடந்துகொண்டிருந்தபோது துணை முதல்வர் ஒரு தகவலைச் சொன்னார்: உள்ளாட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே, 1996 டிசம்பரிலேயே, அரசிதழில் வெளியாகிவிட்டதாம். தகவல் பெறும் உரிமையை அரசு வழங்கிவிட்டது, அந்தத் தகவலை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சொந்தமாகக் கற்பனை செய்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்த விசாரணைகளில் ஆவண நகல்கள் முறையாகவே கைக்கு வந்தன. சில ஊராட்சித் தலைவர்கள் எடுத்த பணத்தை ஊராட்சிக்கே திருப்பிக் கட்டினார்கள். 2000இல் ராஜஸ்தான் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு அதற்கு முன்பே 1997இல் சட்டம் கொண்டுவந்துவிட்டது, இந்தியாவிலேயே முதல் மாநிலமாக. ஆனால் அதில் இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகள் இருந்தன. தகவலை மறைத்த அதிகாரிக்கு அபராதமும் கிடையாது. மேலிருந்து தானாக வந்த சட்டத்துக்கும், தெருவில் உட்கார்ந்து வாங்கிய சட்டத்துக்கும் இடையே இருந்த வித்தியாசம் இது. கடைசியில் 2005 அக்டோபர் 12 முதல் மத்தியச் சட்டம் நாடு முழுக்க அமலுக்கு வந்தது. காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அதே 2005இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கோட் கிரானாவில் நடந்ததையே சட்டமாக்கியது. கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், மஸ்டர் ரோலையும் பில்லையும் எம்-புக்கையும் அதன் முன்னால் வைக்க வேண்டும்.

திறந்தவெளியில் பெயர் படித்தது தேசத்தின் சட்டமாக 11 வருடங்கள் பிடித்தன.

*

இங்கே தமிழ் வாசகர்கள் பலருக்கு உத்திரமேரூர் நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது. குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் படித்து, வாட்ஸ்அப்பில் பெருமையாக அனுப்பிக்கொள்ளும் அதே கல்வெட்டுதான். முதலாம் பராந்தகன் காலத்தவை, 919இலும் 921இலும் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகள். தேர்தல் முறையைவிட என்னை ஈர்த்தது வேறொன்று. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவுகளும் வர முடியாது. கணக்கு எழுதியவர் தானே வந்து கணக்கை ஒப்படைக்க வேண்டும், அவருக்காக இன்னொரு கணக்கர் வந்து முடித்துவைக்கக் கூடாது. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தி மறுபடி வெட்டியிருக்கிறார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். முதல் வெர்ஷனில் ஓட்டை இருந்தது, பேட்ச் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சபை பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் இருந்தவர்களின் பெயர்தான் ஓலையில் ஏறும். அந்த ஏரியில் மண் அள்ளியவன் எழுந்து நின்று 'என் கூலி எங்கே' என்று கேட்டிருக்க முடியாது. கணக்குக் காட்ட வேண்டும் என்ற விதி நம்மிடம் ஆயிரம் வருடமாக இருக்கிறது. யாரிடம் காட்ட வேண்டும் என்பதில்தான் மாற்றம் வர இவ்வளவு காலமாயிற்று. கோட் கிரானாவின் முக்கியத்துவத்தை உத்திரமேரூரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

*

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, ஊர் கூடிக் கேட்டால் ஊழல் ஒழிந்துவிடும் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையில்லை.

பொருளாதார அறிஞர் பெஞ்சமின் ஓல்கன் இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் 2003, 2004 வாக்கில் ஒரு கள ஆய்வு செய்தார். எல்லாம் கிராமச் சாலைகள். எவ்வளவு திருடப்பட்டது என்று கண்டுபிடிக்க அவர் செய்த காரியம் எந்த இன்ஜினியருக்கும் பிடிக்கும்: போட்ட சாலையைத் தோண்டி, எவ்வளவு கல், எவ்வளவு மணல் இருக்கிறது என்று அளந்தார். அதைக் கணக்கில் காட்டிய செலவோடு ஒப்பிட்டார். சில கிராமங்களில் மக்களைக் கணக்குக் கூட்டத்துக்குப் பெருமளவில் அழைத்தார்கள். சில கிராமங்களில், அரசுத் தணிக்கை நிச்சயம் வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வழக்கமாக 4 சதவீதமாக இருந்த தணிக்கை வாய்ப்பு, அங்கே 100 சதவீதம். முடிவு என்ன? தணிக்கை நிச்சயமான கிராமங்களில் காணாமல் போகும் பணம் சுமார் 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. மக்களை அழைத்த கிராமங்களில் கூலித் திருட்டு குறைந்தது, பொருள் திருட்டு குறையவில்லை. மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை.

ஏன் என்று யோசித்தால் கண்மாய்க் கரையிலேயே பதில் இருக்கிறது. தன் கூலி வந்ததா என்று கூலியாளுக்குத் தெரியும், அது அவர் வயிறு. எத்தனை லோடு ஜல்லி வர வேண்டும், எத்தனை வந்தது என்பது அவருக்குத் தெரியாது. அதற்குத் தோண்டிப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆந்திராவில் 2006 முதல் அரசே முன்னின்று சமூகத் தணிக்கையை நடத்தியது. கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தணிக்கையாளர்களாக்கினார்கள். இந்தியாவில் இதைவிட ஒழுங்காக நடந்த முயற்சி அரிது. அங்கேயும் ஃபர்சானா அஃப்ரிடி முதலான ஆய்வாளர்கள் கண்டது இதேதான். எளிதில் பிடிபடும் கூலிப் பக்கத்திலிருந்து கஷ்டப்பட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய பொருள் கணக்குப் பக்கம் திருட்டு நகர்ந்தது. கண்டுபிடித்த பிறகும் தண்டனை மிக அரிதாகவே கிடைத்தது.

ஆக, மேலே இருப்பவரால் மட்டும் முடியாது. செத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. கீழே இருப்பவரால் மட்டும் முடியாது. புத்தகத்தைத் திறக்கவோ, சாலையைத் தோண்டவோ, இன்ஜினியரை சஸ்பெண்ட் செய்யவோ அவருக்கு அதிகாரமில்லை. ஓல்கனின் ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு. அந்த அரசுத் தணிக்கையின் முடிவைக் கிராமக் கூட்டத்திலேயே படித்துச் சொல்வோம் என்பதும் அறிவிப்பின் பகுதி. மேலிருந்து வந்த ஆள் தோண்டினார், கீழே ஊர் முன்னால் படித்தார். நாட்டு அரசும் உள்ளூர் அரசும் ஊழலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மேலே உள்ள அரசின் வேலை திறந்து காட்டும்படி கட்டாயப்படுத்துவதும், தோண்டுவதும், தண்டிப்பதும். உள்ளூர் அரசின் வேலை ஊரைக் கூட்டிப் பெயர் பெயராகப் படிப்பது. இதில் ஒன்று போனாலும் மற்றது சடங்கு.

*

என் துறைக்காரர்கள் இதற்கு வைத்த தீர்வையும் சொல்லிவிட வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து வேலை உறுதித் திட்டப் பணித்தளங்களில் செயலி வழியாகத்தான் வருகைப்பதிவு என்றானது. நாளுக்கு இருமுறை படம், இடக்குறியீட்டுடன். ஸ்டாம்ப் பேடு ஒழிந்தது என்று நானும்தான் நினைத்தேன். 2025இல் ஒன்றிய அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் பிடித்தவையும் ஏற்றப்படுவதாகக் குறிப்பிட்டது. ஏழு வயதுப் பையனின் கட்டைவிரல் இப்போது ஜேபெக் ஃபைலாகிவிட்டது. பதிவு செய்யும் கருவி மாறியது. படிக்கும் ஆள் இன்னும் மேலேதான் இருக்கிறார்.

நான் வேலை செய்யும் இடத்தில் தினமும் லட்சக்கணக்கான வரிகள் லாக் ஆகின்றன. ஏதாவது தீப்பிடித்தால் தவிர ஒருவரும் அதைத் திறப்பதில்லை. தரவு இருப்பதும் கணக்குக் காட்டுவதும் ஒன்றில்லை என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்?

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் தனிநபர் தகவல் பற்றிய உட்பிரிவைத் திருத்தியது. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத அந்தரங்கத் தகவலைத்தான் மறுக்கலாம் என்ற நிபந்தனை அதிலேயே இருந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்க இடமிருக்கிறது. பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்ற இன்னொரு விதி மிச்சமிருக்கிறது, ஆனால் முடிவு அதிகாரியின் கையில். அந்தரங்கம் எனக்கும் முக்கியம்தான். என் தொழிலில் அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன். ஆனால் மஸ்டர் ரோல் என்பது பெயர்களால் ஆனது. பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கூட்டுத்தொகை. கூட்டுத்தொகையைச் சத்தமாகப் படித்தால் எந்தக் கூட்டத்திலும் யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். கூட்டுத்தொகை செத்துப்போகாது, பிழைக்க வெளியூர் போகாது.

*

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம் கேட்டேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கோட் கிரானா கதையைச் சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார்.

"நம்ம ஊர்ல அப்படி யாராவது படிச்சிருந்தா என்னப்பா ஆயிருக்கும்?"

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன்டா தம்பி. எழுதச் சொன்னவனும் சொல்லியிருக்க மாட்டான்."

"உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"எனக்கு என்ன வரும். பேனா பிடிச்ச கூலி. மாட்டேன்னா வேற ஆளைப் போட்டுருப்பான்." பிறகு, "இதெல்லாம் சாக்குதான்" என்றார் அவரே.

ஏழு வயதுப் பிள்ளையின் ரேகை எவ்வளவு சின்னதாக இருந்திருக்கும், பெரிய ஆள் பெயருக்கு நேரே அதைப் பார்த்து ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா என்று கேட்டேன். கேட்கவில்லை என்றார். அந்தத் தாள் ஒன்றியத்துக்குப் போனது, தணிக்கைக்குப் போனது, எல்லா இடத்திலும் டிக் விழுந்தது.

நான் வேறு ஏதோ பேச ஆரம்பித்தேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. விரலை மடக்கிக்கொண்டே பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். பெயர், தகப்பன் பெயர். பெயர், புருஷன் பெயர். மஸ்டர் ரோலில் எழுதின வரிசையிலேயே. பதினொன்று வந்ததும் நிறுத்தினார். அவர்களில் ஏழு பேர் இப்போது உயிரோடில்லை. மற்ற நான்கு பேரும் வருஷம் தவறாமல் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள்.

"அவங்களுக்குத் தெரியுமாப்பா?"

"யாரு சொன்னா தெரியறதுக்கு?" என்றார்.

ஜனவரி 26 கிராம சபைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. வருகிறீர்களா என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அன்று நான் பெங்களூருவில் இருந்தேன். அப்பா போனதாக அம்மா போனில் சொன்னாள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். வரவு செலவு படித்தபோது, தொகையை மட்டும் படிக்காதீங்க, பேரையும் படிங்க என்று சொன்னாராம். செயலர் சிரித்துவிட்டு அடுத்த தீர்மானத்துக்குப் போய்விட்டாராம்.